என் உயரத்துக்கு ஒரு சேவல்

பழைய தலைநகரான அயுத்தயாவின் ரயில் நிலைய வாசலில், தவளைத்தலை வண்டி என்கிற மூன்று சக்கர டுக்டுக் ஓட்டுகிறவர்கள் முப்பது பேர் இருப்பார்கள். அந்த முப்பதில் தன்னைப் போல் ஒருவன் கிடையாது என்று புன்யுவன் சொல்வார். யாரும் மறுக்கமாட்டார்கள். மறுத்தால் பிறந்த கதையிலிருந்து ஆரம்பித்துவிடுவார் என்ற பயம்தான் காரணம்.

பிறந்த கதை ஒன்றும் சாமானியமானதல்ல. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, பதினோரு வயதில் நெல் ஏற்றிய படகில் தொற்றிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தவர். காலில் செருப்பில்லை. பிறகு பதிமூன்று வருடம் மிதிரிக்‌ஷா மிதித்தார், அப்போதும் செருப்பில்லை. சித்திரை வெயிலில் மிதிகட்டை இரும்பு தோசைக்கல் மாதிரி காயும். ஒரு கால் சுடும்போது இன்னொரு காலைக் காற்றில் ஆறவிட்டு, அப்படியே ஊரைச் சுற்றுவார். சொந்தமாக வண்டி வாங்கிய அன்றைக்கே, மூன்று விரல் உயரக் குதிகால் வைத்த ஒரு ஜோடித் தோல் பூட்ஸும் வாங்கினார். அன்றிலிருந்து கோயில் வாசலையும் படுக்கையையும் தவிர வேறெங்கும் அவர் அதைக் கழற்றியதில்லை. இப்போது போட்டிருப்பது ஒன்பதாவது ஜோடி.

சரித்திரம் படித்தது வண்டியில்தான். பின்னால் உட்கார்ந்து வழிகாட்டிகள் வெள்ளைக்காரர்களுக்கும் பாங்காக்காரர்களுக்கும் சொல்வதை முன்னாலிருந்தே கேட்பார். நாற்பது வருடத்தில் முப்பத்துமூன்று அரசர்களின் பெயரும் வரிசையாக மனப்பாடம். நடுவே கொஞ்சம் சொந்தச் சரக்கும் சேர்ந்திருக்கும். கேட்கிறவருக்குச் சுவையாக இருக்க வேண்டுமே.

இப்படிப்பட்டவருக்குப் போன வருடம் கண்ணில் புரை விழுந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கச் சோதனை இருந்தது. சிவப்பு விளக்கு எரிந்த கணத்தில் பிரேக்கை மிதிக்க வேண்டும். தள்ளி நிற்கும் இரண்டு குச்சிகளைக் கண்ணால் அளந்து ஒரே கோட்டில் நிறுத்த வேண்டும். தவறினால், அறுபத்தெட்டு வயதில் வீட்டுக்குள் உட்கார்ந்து, பப்பாளிக்காய் சாலட் விற்கும் மனைவி சுட்சாய்க்குப் பூண்டு உரித்துக் கொடுக்க வேண்டியதுதான். 

சோதனைக்கு முந்தின நாள் யாய் சாய் மொங்கோன் கோயிலில், மன்னர் நரேசுவன் சன்னிதியின் முன் மண்டியிட்டார். அந்த மன்னர் இளவரசராக இருந்தபோது எதிரியின் அரண்மனையிலேயே சேவல் சண்டையில் ஜெயித்தார் என்பது கதை. அதனால் அவருக்கு நேர்ந்துகொள்வது சேவல் பொம்மைதான். கையளவிலிருந்து கழுத்தளவு வரை ஆயிரக்கணக்கான சேவல்கள் அங்கே மார்பை நிமிர்த்தி நிற்கின்றன. மற்றவர்கள் ஒரு ஜோடி, ஒன்பது ஜோடி என்று அடக்கமாக வேண்டிக்கொள்வார்கள். புன்யுவனுக்கு அது போதுமா?

"மகாராஜா, இந்தச் சோதனையில தேற விடுங்க. ஒரு வருஷத்துக்குள்ள என் உயரத்துக்கே ஒரு சேவல் கொண்டாந்து நிறுத்தறேன். ஒரு விரல் கூடாது, ஒரு விரல் குறையாது."

பக்கத்தில் சாமந்தி மாலை கட்டிக்கொண்டிருந்தாள் லமாய். சன்னிதியைப் பெருக்குவது, பூ விற்பது, பூட்டுவது எல்லாம் அவள்தான். அவள் தலை நிமிர்ந்தாள்.

"பெரியப்பா, வாய்க்கு வந்ததைச் சொல்லிடாதீங்க. பின்னாடி சொன்னபடி செய்யணும்."

"நான் எப்பம்மா சொன்னபடி செய்யாம இருந்திருக்கேன்?"

மறுநாள் சோதனையில் தேறினார். உரிமம் கையில் வந்தது. சுட்சாயிடம் வேண்டுதலைச் சொன்னபோது அவள் உரலிலிருந்து கையை எடுக்காமலே, "உன் உயரத்துக்கு ஒரு கோழிக்குஞ்சு போதுமே" என்றாள்.

சேவல் பொம்மை செய்கிற லெங்கிடம் தன் உயரத்துக்கு ஒரு மூங்கில் குச்சியை வெட்டிக் கொடுத்துவிட்டு வந்தார். முதலில் செய்ததன் வால் தொங்கியிருக்கிறது என்று தள்ளினார். இரண்டாவதன் கண்ணில் வீரம் இல்லை என்றார். மூன்றாவதும் வந்து நின்றபோது வருடத்தின் கடைசி நாள் வந்துவிட்டது.

நேர்ந்ததைச் சொன்ன சொல் பிசகாமல் செலுத்தாவிட்டால், கொடுத்தவர் திரும்ப எடுத்துக்கொள்வார் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். முழுப் பன்றித் தலை நேர்ந்துவிட்டுப் பாதித் தலை படைத்த மீன்காரர் இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டால் யாரும் பதில் சொல்லமாட்டார்கள். போதாக்குறைக்கு ஒரு மாதமாக வண்டியின் பிரேக் கீச்சென்று கத்துகிறது. மகாராஜா ஞாபகப்படுத்துகிறார் என்று புன்யுவன் எடுத்துக்கொண்டார். இன்று மாலை ஐந்தரைக்கு லமாய் கதவைப் பூட்டுவதற்குள் சேவல் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் உரிமம் இருந்தும் வண்டி கிடையாது என்றுதான் அவர் மனம் சொல்லியது.

காலையில் லெங்கின் பட்டறைக்குப் போனார். சேவல் தங்கக் கழுத்தும் கறுத்த வாலுமாகப் பீடத்தின் மேல் நின்றது. அவர் பக்கத்தில் போய் நின்றார். லெங் இரண்டு தலைக்கும் மேலே நூலைப் பிடித்துப் பார்த்தான். மட்டம்.

"மயிரிழை வித்தியாசம் இல்லண்ணே."

"என் குச்சி, உன் கை. எப்படித் தப்பும்?"

சேவலைத் தூக்கி ஏற்றக் கைகொடுத்துவிட்டு லெங் பட்டறையைப் பூட்டிக்கொண்டு தங்கை கல்யாணத்துக்குக் கிளம்பிவிட்டான். மூன்று நாள் கழித்துத்தான் வருவான்.

சேவலை வண்டியில் ஏற்றுவதில்தான் சிக்கல் இருந்தது. சண்டைச் சேவல் படுத்தால் தோற்ற சேவல். அதைக் கிடத்திக் கொண்டுபோய் மன்னரின் முன்னால் நிறுத்த முடியுமா? புன்யுவன் வண்டிக் கூரையின் படுதாவை அவிழ்த்துச் சுருட்டினார். எதிரெதிர் இருக்கைப் பலகைகள் இரண்டுக்கும் நடுவே சேவல் நின்றது. கூரையின் இரும்பு வளையங்களுக்கு மேலே கழுத்தும் கொண்டையும் நீட்டிக்கொண்டிருந்தன. அந்தக் கோலத்தில் ரயில் நிலைய வாசலுக்கு வந்து சேர்ந்தார்.

"அண்ணே, இன்னைக்குச் சவாரி ஏத்தறது யாரு, நீயா அதுவா?" என்றான் சம்ருவாய். அவருடைய பக்கத்து நிறுத்தக்காரன். இருபது வருடமாக அவரைச் சீண்டுவதே தொழில்.

"அது உன்ன மாதிரி இல்லடா. நிமிர்ந்து நிக்குது பாரு."

அப்போதுதான் நக்கோன் சவானிலிருந்து வந்த ரயிலிலிருந்து ஒரு தம்பதி இறங்கினார்கள். அந்த அம்மாள் பெயர் பிரனோம். முப்பத்தைந்து வருடம் சரித்திரம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற டீச்சர். கணவர் விச்சியன் பெரிதாகப் பேசுகிற ரகம் அல்ல. கையில் குடையும் தண்ணீர் பாட்டிலும் வைத்துக்கொண்டு மனைவிக்குப் பின்னால் வந்தார். டீச்சர் முப்பது வண்டியையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு நேராகச் சேவலிடம் வந்தார்.

"அண்ணே, நான் ரிடையர்டு டீச்சர். ஒருநாள் முழுக்கச் சுத்திக்காட்ட வருவீங்களா? இந்தச் சேவலாரும் கூட வர்றாரா?"

"வருவார் டீச்சர். சாயங்காலம் யாய் சாய் மொங்கோன்ல இறங்கிடுவார். ஐந்தரைக்குள்ள நாம அங்க இருக்கணும், அது ஒண்ணுதான் என் நிபந்தனை. மத்தபடி இந்த ஊரை என்னை மாதிரி காட்ட ஆள் கிடையாது."

"கூரை?"

"கூரை இல்லாமத்தான் ராஜாக்கள் யானை மேல போனாங்க."

"குடை பிடிச்சாங்க" என்றார் டீச்சர். விச்சியன் குடையை விரித்தார்.

முதலில் மகாதாத் கோயில். ஆலமர வேர்களுக்கு நடுவே புத்தரின் முகம் கண்மூடிக் கிடக்கும் இடத்தில் ஒரு கூட்டம் படம் எடுத்துக்கொண்டிருந்தது. நின்றபடி சிரித்துக்கொண்டிருந்த நெட்டை இளைஞன் ஒருவனைப் பார்த்ததும் புன்யுவன் குரல் கொடுத்தார்.

"தம்பி, உட்காரு. அவர் தலைக்கு மேல உன் தலை போகக்கூடாது. எவ்வளவு வளர்ந்திருந்தாலும் சரி."

இளைஞன் உட்கார்ந்தான். டீச்சர் தரையில் அமர்ந்து கும்பிட்டார். எழுந்தபோது, "அண்ணே, நீங்க நல்லாக் கண்டிக்கிறீங்க. வகுப்பு எடுக்கலாம்" என்றார்.

"நாலாம் வகுப்பு வரைக்கும் எடுப்பேன் டீச்சர். அதுக்கு மேல எனக்கே யாரும் எடுக்கல."

அரண்மனைத் திடலுக்குப் போனார்கள். செங்கல் அடித்தளம் மட்டும் மிஞ்சிய மண்டபங்களுக்கு நடுவே நின்று புன்யுவன் கையை வீசினார். "இந்த இடத்துல முப்பதாயிரம் யானை நிக்கும். ராஜா எழுந்ததும் எல்லா யானையும் ஒரே நேரத்துல தும்பிக்கையைத் தூக்கும்."

"முப்பதாயிரம் யானைக்கு இங்க இடம் ஏதுண்ணே? ஒண்ணு மேல ஒண்ணா?"

"கொஞ்சம் நெருக்கித்தான் நிக்கும்."

பக்கத்தில் சி சன்பெட் கோயிலின் மூன்று கோபுரங்களைப் பார்த்ததும், இங்கே மட்டும் ஐந்நூறு துறவிகள் இருந்தார்கள் என்று ஆரம்பித்தார். டீச்சர் தலையை ஆட்டினார்.

"ஒருத்தர்கூட இல்ல. அரண்மனைக்குள்ள இருக்கிற கோயில். துறவிகள் தங்கவே மாட்டாங்க."

புன்யுவன் கோபுரத்தைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "நாற்பது வருஷமா ஐந்நூறு பேரைக் குடி வச்சிருக்கேன் டீச்சர். இன்னைக்கு ஒரே நாள்ல காலி பண்ணிட்டீங்க."

விச்சியன் முதல்முறையாகச் சிரித்தார்.

இடிந்த கோயில்களில் பூட்ஸோடு நடக்கலாம். அடுத்துப் போன மொங்கோன் போபித் மண்டபத்தில் பூசை உண்டு. வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். புன்யுவன் படியில் உட்கார்ந்து பூட்ஸை ஒவ்வொன்றாக உருவி, துணியால் தூசி தட்டி, ஜோடியாக ஓரத்தில் வைத்துவிட்டு எழுந்தார். டீச்சர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னண்ணே, காலைலேர்ந்து உங்ககிட்ட அண்ணாந்து பேசிட்டிருந்தேன். இப்ப நேரா கண்ணைப் பார்க்க முடியுது."

விளையாட்டாகச் சொன்னதுதான். புன்யுவனும் சிரிக்கத்தான் போனார். பாதிச் சிரிப்பில் வாய் நின்றுவிட்டது.

மூங்கில் குச்சியை வெட்டிய நாளில் காலில் பூட்ஸ் இருந்தது. இன்று காலை லெங் நூல் பிடித்தபோதும் இருந்தது. ஆனால் மன்னரின் சன்னிதியில் பூட்ஸ் இருக்காது. போன வருடம் மண்டியிட்டு 'என் உயரத்துக்கு' என்று சொன்னபோதும் இருக்கவில்லை. நாற்பது வருடத்துக்கு மேலாகப் பூசை உள்ள எந்தக் கோயிலுக்குள்ளும் பூட்ஸோடு போகாதவர், கோயிலுக்குப் போகிற பொருளைப் பூட்ஸோடு அளந்துவிட்டார்.

உள்ளே பொன் புத்தர் அவ்வளவு பெரிதாக அமர்ந்திருந்தார். புன்யுவனுக்கு அன்று புத்தரின் முகம் கண்ணில் படவில்லை. தரையில் பதிந்த தன் பத்துக் கால்விரல்களையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மதியம் படகு நூடுல்ஸ் கடையில் நாலு சின்னக் கிண்ணம் சாப்பிடுகிறவர் ஒன்றோடு நிறுத்தினார். சாய்ந்து கிடக்கும் புத்தர் கோயிலில், எத்தனை மீட்டர் நீளம் என்று டீச்சர் கேட்டபோது, "படுத்திருக்கிறவரை அளக்கக்கூடாது" என்று முணுமுணுத்தார். ஆற்றங்கரைக் கோயிலில் கதையே சொல்லவில்லை.

"அண்ணே, உடம்புக்கு என்ன? ஒரு மணி நேரமா ஒரு பொய்கூடச் சொல்லலையே" என்றார் டீச்சர்.

புன்யுவன் வண்டியை ஓரமாக நிறுத்தினார். பிரேக் கீச்சென்றது. திரும்பிப் பார்க்காமலே வேண்டுதலையும், குச்சியையும், பூட்ஸையும் சொல்லி முடித்தார்.

"கொஞ்சம் கூடத்தானே இருக்கு? குறைச்சல் இல்லையே. ராஜா கோவிச்சுக்குவாரா?"

"ஒரு விரல் கூடாதுன்னு நானே சொல்லித் தொலைச்சிருக்கேன் டீச்சர். வேற யாராவது சொல்லியிருந்தா சண்டை போடலாம்."

"கொண்டையை ராவிடலாமா?"

"கொண்டை இல்லாத சேவலை எந்த மூஞ்சியோட நிறுத்துவேன்?"

"அப்ப சத்தம் போடாம நிறுத்திட்டு வந்துடுங்க. யாருக்குத் தெரியும்?"

"அவருக்குத் தெரியும்." சற்றுப் பொறுத்து, "எனக்கும் தெரிஞ்சு போச்சே" என்றார்.

ஐந்து மணிக்கு யாய் சாய் மொங்கோன் வாசலுக்குப் போனபோது, சவாரியை இறக்கிவிட்டு இளநீர் குடித்துக்கொண்டிருந்தான் சம்ருவாய். அவனைத் தவிர உலகத்தில் யார் வேண்டுமானாலும் அங்கே இருந்திருக்கலாம். ஆனால் சேவலை இறக்க ஒரு பலசாலி தேவைப்பட்டது. சம்ருவாய் முன்னாலும் விச்சியன் பின்னாலும் பிடிக்க, சேவல் நின்றபடியே சன்னிதிக்கு ஊர்வலம் போனது. மற்ற சேவல்களுக்கு நடுவே, மணல்தரையில் இறக்கி வைத்தார்கள்.

புன்யுவன் பூட்ஸைக் கழற்றிவிட்டு வந்து பக்கத்தில் நின்றார்.

சம்ருவாய் ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். பிறகு இன்னொரு கண்ணை மூடிப் பார்த்தான். "அண்ணே, வர்ற வழியில சேவல் வளர்ந்துடுச்சா, நீ தேய்ஞ்சுட்டியா?"

 லமாய் விளக்குமாற்றோடு வந்து, "பெரியப்பா, இன்னும் கால் மணி நேரம்தான். சீக்கிரம் சொல்லிட்டுக் கிளம்புங்க" என்றாள். டீச்சர் அவளிடம் விஷயத்தைச் சொன்னார். லமாய் சேவலைச் சுற்றி வந்தாள். கீழே குனிந்து பீடத்தைத் தட்டிப் பார்த்தாள். மூன்று விரல் கனத்தில் சிவப்புச் சாயம் அடித்த பீடம்.

"பெரியப்பா மட்டும் பூட்ஸைக் கழட்டினா எப்படி?" என்றாள். "இது இன்னும் கழட்டலையே. இங்க யாரும் செருப்போட நிக்கக்கூடாது, கோழியானாலும்."

 புன்யுவன் மெதுவாகக் குந்தி உட்கார்ந்து, பீடத்தின் ஓரத்தில் மூன்று விரலை வைத்துப் பார்த்தார்.

லமாய் பூந்தொட்டிக்கு மண் கிளறும் கரண்டியைக் கொண்டுவந்தாள். சம்ருவாய் மண்ணைத் தோண்டினான். கிண்டல் செய்துகொண்டேதான் தோண்டினான், ஆனால் வேர்க்கத் தோண்டினான். பீடம் முழுவதும் மண்ணுக்குள் இறங்கியது. சேவலின் நகங்கள் தரையைத் தொட்டன. அப்போது விச்சியன் முன்னால் வந்தார். மனிதர் முப்பது வருடம் நிலஅளவையில் இருந்தவராம். அதுவரை யாருக்கும் தெரியாது. மூடிய குடையை இரண்டு தலைக்கும் குறுக்கே வைத்து, அதன் மேல் பாதி நிரம்பிய தண்ணீர் பாட்டிலைப் படுக்கவைத்துக் கண்ணைச் சுருக்கினார்.

"சேவல் இன்னும் அரை விரல் அதிகம்."

சம்ருவாய் சேவலை அசைத்து அடியிலிருந்து மண்ணை இன்னும் கொஞ்சம் வாரினான். பாட்டில் நீர் அசைந்து, நின்றது.

"மட்டம்" என்றார் விச்சியன்.

இனி ஊதுபத்தி ஏற்றி, செலுத்திவிட்டேன் என்று சொன்னால் போதும். புன்யுவன் மண்டியிட்டார். முணுமுணுவென்று சொல்லிவிட்டு எழுந்திருக்கலாம், எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் நேர்ந்துகொண்டபோது அவர் உரக்கத்தான் சொல்லியிருந்தார். பின்னால் சம்ருவாய் நிற்கிறான் என்று தெரிந்தும், தொண்டையைச் செருமிக்கொண்டு உரக்கவே சொன்னார்.

"மகாராஜா, நான்தான் புன்யுவன். என் உயரம் ஒரு மீட்டர் எழுபதுன்னு ஊர் பூராச் சொல்லிட்டுத் திரியறேன். அது பூட்ஸோட, கொஞ்சம் வாயோட. வெறுங்காலோட நான் ஒரு மீட்டர் அறுபத்தி மூணு."

"அறுபத்தி ரெண்டரை" என்றார் குடையால் அந்த உயரத்தையும் அளந்துவைத்திருந்த விச்சியன், பின்னாலிருந்து, மெல்ல.

"அறுபத்தி ரெண்டரை" என்று திருத்திக்கொண்டார் புன்யுவன். "அந்த உயரத்துக்குச் சேவல் இதோ நிக்குது. கூடல, குறையல. இனிமே என் வண்டியைப் பார்த்துக்குங்க."

மூன்று முறை தலை தாழ்த்தி எழுந்தார். சம்ருவாய் சிரிப்பான் என்று எதிர்பார்த்துத் திரும்பினார். அவன் கைகளைக் கூப்பிக்கொண்டு நின்றிருந்தான். ஆனாலும் உதட்டோரத்தில் நாளைக்கு வேண்டிய சரக்கு ஒளிந்திருந்தது. லமாய் கதவுச் சாவியைக் குலுக்கினாள். டீச்சர் அவரைச் சேவலோடு நிற்கவைத்து ஒரு படம் எடுத்தார். வெறுங்காலும் தெரிய வேண்டும் என்று புன்யுவனே சொன்னார்.

ரயிலுக்கு விடும்போது டீச்சர் கேட்டார், "அண்ணே, சி சன்பெட்டுல இனிமே எத்தனை துறவி?"

"ஒருத்தரும் இல்ல டீச்சர். நக்கோன் சவான்லேர்ந்து ஒரு பெரிய டீச்சர் வந்து எல்லாரையும் அனுப்பிட்டாங்கன்னு சொல்லப்போறேன்."

மறுநாள் காலை அவர் நிறுத்தத்துக்கு வந்து சேர்வதற்குள், அறுபத்திரண்டரை என்ற எண் முப்பது வண்டிக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. எல்லோரும் அவர் காலைப் பார்த்தார்கள். பூட்ஸ் பளபளவென்று இருந்தது. புன்யுவன் நிதானமாக இறங்கி, இடுப்பில் கைவைத்து நின்றார்.

"பார்த்துக்குங்கடா. இந்த ஊர்ல ராஜா முன்னாடி, நிலஅளவைக்காரரை வச்சு, தண்ணி மட்டம் பார்த்து அளந்த ஆம்பளை நான் ஒருத்தன்தான். உங்க உயரமெல்லாம் உங்க வாய்ச்சொல்லு. என் உயரத்துக்குக் கோயில்ல சாட்சி நிக்குது."

யாராலும் மறுக்க முடியவில்லை. அதற்குள் ஒரு சவாரி வந்தது. வண்டியை எடுத்துத் திருப்பத்தில் வேகம் குறைத்தபோது பிரேக் கீச்சென்று கத்தியது.

"அண்ணே, ராஜா இன்னும் கத்தறாரு போல" என்று சம்ருவாய் பின்னாலிருந்து குரல் கொடுத்தான்.

"போடா, அது பிரேக் கட்டை தேய்ஞ்சிருக்கு. ராஜா என்ன மெக்கானிக்கா?" என்று சொல்லிவிட்டு, பின்சீட்டுக்காரர்களிடம் முகத்தைத் திருப்பி, முப்பதாயிரம் யானைகளிலிருந்து தொடங்கினார் புன்யுவன்.